தாளில் இல்லாத வரி

மெசின் வரும் பெட்டிக்குள் அதை ஓட்டும் விதம் சொல்லும் ஒரு தாள் இருக்குமே, அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது ஒன்பது வயது வரை எனக்குத் தெரியாது. மெசின் அடிபடாமல் சுற்றி வைக்கும் வெள்ளை ரெஜிபோம் துண்டுகளைப் போல அதுவும் பெட்டியோடு சேர்ந்தே விளைகிறது என்று நினைத்திருந்தேன். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அப்படித் தாள் எழுதும் வேலைக்குப் போகப் போவதாக ராத்தா சொன்னபோது, மடவளையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கத எழுதுறதா?" என்று கேட்டார் வாப்பா.

"கதயில்ல வாப்பா. மெசினத் தொட்டே பாக்காத ஆளும் வாசிச்சிட்டு ஓட்டுற மாதிரி எழுதோணும்."

"அதுக்கும் ஒரு ஆள் வேணுமா?" என்றார் உம்மா.

ராத்தா படிப்பை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும், கூப்பிட்டது கண்டி டவுனில் தையல் மெசின் விற்கும் அந்த ஒரு கம்பனிதான். நூல் கோர்ப்பதிலிருந்து ஒரு வரி தைப்பது வரை தமிழில் ஒரு தாள் எழுதி வரச் சொன்னார்கள். தையல் தெரியாத ஒருவரை அங்கேயே உட்கார வைத்து அதன்படி தைக்கவிட்டுப் பார்ப்பார்களாம். மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தாள். கடைசியில் பரீட்சித்துப் பார்க்க அகப்பட்டவள் நான்.

மழை விட்டும் விடாத பின்னேரம் அது. மூடுபனி ஜன்னல் கம்பி வரை வந்திருந்தது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸின் ஹோன் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. உலகத்தில் நானும் ராத்தாவும் உம்மாவின் தையல் மெசினும் மட்டுமே மிஞ்சியிருப்பதாக எனக்குப் பட்டது. அப்படியே மிஞ்சியிருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒனக்கு ஒன்டுமே தெரியாதுன்டு நெனச்சிக்க. தாள்ல உள்ளத மட்டும் செய்."

தன் முகத்தைப் பார்த்து நான் விடை பிடித்துவிடுவேன் என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் வாசித்து வாசித்துச் செய்தேன். நூலைக் கொக்கியில் மாட்டினேன், ஊசியில் கோர்த்தேன், துணியை ஊசிக்குக் கீழே வைத்தேன். அடுத்த வரியே மிதிக்கச் சொன்னது. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தை இறக்கும்படி தாளில் எங்குமே இல்லை. உம்மா தைப்பதை மடியிலிருந்தே பார்த்து வளர்ந்த எனக்கா அது தெரியாது? பாவம், ராத்தா மறந்துவிட்டாள். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சத்தமில்லாமல் பாதத்தை இறக்கிவிட்டு மிதித்தேன். தையல் நேராக ஓடியது.

திரும்பிப் பார்த்த ராத்தா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்று போல் நான் சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு.

மறுநாள் கண்டிக்குப் போனவள், நனைந்த குடையை விரித்துக் காயவைக்காமலே வாசலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் கம்பனியில் தேத்தண்ணி ஊற்றும் பெண் தாளைப் பார்த்துத் தைத்தாளாம். துணிக்கு அடியில் நூல் உருண்டையாகச் சிக்கி மெசினே நின்றுவிட்டதாம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நான் செய்யக்குள்ள சரியா வந்திச்சே!" என்று துள்ளினேன்.

ராத்தா என்னையே பார்த்தாள். "நீ பாதத்த எறக்கினியா?"

"ஓ. நீங்க எழுத மறந்திட்டீங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் மீதுள்ள பாசம்தான் என்று எடுத்துக்கொண்டு அவள் காதோரம் குனிந்தேன். அடுத்த தாளுக்கும் இப்படியே, ஒருவருக்கும் தெரியாமல் உதவி செய்வேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.