குரல் நீக்கிய தாலாட்டு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் கரோக்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் இருக்கும் ஒற்றை அறைதான் அவள் கடை. கீழ்க்கடை மெக்கானிக்கான அவள் கணவனுடையது. இளவயதில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது. முதலாளி கடையை இழுத்து மூடியபோது அவருடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, புருஷன் கடை மாடியில் உட்கார்ந்துவிட்டாள். “கல்யாணமானதுல இருந்தே தலைமேலதான் உட்கார்ந்திருந்தா, இப்ப போர்டும் மாட்டிட்டா” என்று மெக்கானிக் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பாட்டிலிருந்து பாடுகிறவரின் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் கொடுப்பது அவள் தொழில். மேடையில் பாடுகிறவர்கள் வருவார்கள், ஆண்டுவிழா நெருங்கினால் டீச்சர்கள் வருவார்கள், ரிட்டையரான பிறகு தங்களுக்குள் ஒரு பாடகர் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த பெரியவர்களும் வருவார்கள். முன்பெல்லாம் ஒரு பாட்டுக்கு ஒரு முழுநாள் போகும். இப்போது இருக்கும் சாஃப்ட்வேர் கண்மூடித் திறப்பதற்குள் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை ஒரு பக்கமும் பிரித்து வைத்துவிடும். ஆனாலும் துடைத்து எடுத்த மாதிரி வராது. ‘ச’வும் ‘ஸ’வும் அங்கங்கே முள்ளாக ஒட்டிக்கொண்டிருக்கும். குரல் போன பிறகும் அதன் எதிரொலி வாத்தியத்துக்குள் பதுங்கிக் கிடக்கும். அதையெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொறுமையாகத் தேடிப் பொறுக்குவதில்தான் அவள் பேர் வாங்கியிருந்தாள். அக்கா கைபட்டால், பாடினவரே வந்து கேட்டாலும் தான் பாடியது ஞாபகம் வராது என்பார்கள்.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில் அந்த மனிதர் படியேறி வந்தார். முழுக்கை சட்டை, கலையாத தலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டு இருந்தது. விளையாட்டுச் சாமான் மாதிரியான சின்னக் கீபோர்டு ஒன்று பின்னால் ஒலிக்க, ஒரு பெண் தாலாட்டுப் பாடியிருந்தாள். வீட்டில் பதிவு செய்தது.

“பையனுக்கு அம்மா இல்லைங்க” என்றார் கண்ணாடிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

அப்படித் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் ‘இல்லை’ என்றால் அதற்கு மேல் யார் கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். பையனுக்கு ஐந்து வயது. இந்தப் பாட்டைப் போடாவிட்டால் தூங்க மாட்டான். ஒரேயடியாக நிறுத்திப் பார்த்ததில் அழுது அழுது காய்ச்சலே வந்துவிட்டது. அதனால் குரலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தர வேண்டும். முதலில் லேசாக, பிறகு பாதி, பிறகு அதிலும் பாதி, கடைசியில் வெறும் இசை. “தாய்ப்பாலை மறக்கடிக்கிற மாதிரிதான் மேடம்” என்றார். எப்பேர்ப்பட்ட அப்பா என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பாட்டுக்கு நடுவே அந்த அம்மா பிள்ளையை ‘எலிக்குஞ்சு’ என்று கொஞ்சும் இடம் இரண்டு மூன்று தடவை வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுத்துவிடச் சொன்னார் அவர். இனிமேல் அந்தப் பேர் வேண்டாமாம்.

குரலைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கும்போது ஒரு மனுஷியை மிகவும் கிட்டத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும். இந்தப் பெண்ணின் குரலில் லேசான கரகரப்பு இருந்தது. வரியின் கடைசியில் மூச்சுப் பற்றாமல் இரண்டு எழுத்தை விழுங்கிவிடுவாள். ஓரிடத்தில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பாடினாள். பாட்டு முடிந்த பிறகு, கீபோர்டின் கடைசி ஒலிக்குள் மெல்லச் சொன்னாள்: “அம்மா டூட்டிக்குப் போயிட்டு விடிஞ்சதும் வந்துடுவேன். சமத்தாத் தூங்கு.” கரோக்கி அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்துப்போனவள் வருகிறேன் என்று சொல்வதைக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

அவர் வாரம் தவறாமல் வந்தார். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குரல் குறைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் முந்தைய பதிவை அவர் கண்ணெதிரே அழிக்க வேண்டும். அழித்தவை போய் விழும் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். துக்கம் மனிதனை என்னென்னவோ செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முக்கால்வாசிக் குரல் போன பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை.

“இன்னும் இருக்கு” என்றார்.

“எனக்கே கேக்கலையே சார்.”

“அவனுக்குக் கேக்குது.”

சொன்ன விதம் அவளுக்கு என்னவோ போலிருந்தது. கோபமில்லை, வருத்தமில்லை. மெஷினில் எண்ணெய் போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அதற்கடுத்த தடவை பையனையும் கூட்டி வந்தார். ஒட்ட வெட்டிய தலை, புதுச் செருப்பு. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், பிஸ்கட்டை நீட்டினால் அப்பா முகத்தைப் பார்த்தான். அவள் பாட்டைப் போட்டாள். பாதிப் பாட்டில் அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, ஸ்பீக்கர் பெட்டியிடம் போய், அதன் வலைத்துணியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

“யாராவது பாடுறாங்களா?” என்று கேட்டார் அப்பா.

பையன் கண்ணைத் திறந்தான். அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “இல்லை” என்றான்.

“நல்ல பையன்.”

குழந்தைகள் பொய் சொல்லி கரோக்கி அக்கா பார்த்திருக்கிறாள். அதில் ஒரு திருட்டுச் சிரிப்பாவது இருக்கும். இவன் சொன்னதில் ஒன்றுமே இல்லை. அன்று சாப்பாட்டு வேளையில் மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அப்படி இப்படித்தான் இருப்பான், நாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். அவளும் அதையே நம்ப விரும்பினாள். கடைசிப் பதிவை ஒரு பொட்டுக் குரல் மிச்சமில்லாமல் துடைத்துக் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததையும் அவர் கண்ணெதிரே அழித்தாள். கண்ணாடிக்காரர் அவள் கேட்ட பணத்துக்கு மேலேயே கொடுத்துவிட்டு, இனி வரவேண்டியிருக்காது என்று சொல்லிப் போனார்.

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவள் மேலே வேலையாக இருந்தபோது கீழ்க்கடையில் யாரோ மெக்கானிக்கிடம் பேசும் சத்தம் படிவழியே வந்தது. முதல் வார்த்தையிலேயே அவள் கை மௌசின் மேல் நின்றுவிட்டது. லேசான கரகரப்பு. வரியின் கடைசியில் விழுங்கின எழுத்து.

“இந்தப் பையனை இந்தப் பக்கம் எங்கயாவது பாத்திருக்கீங்களாண்ணே?”

மாதக்கணக்காகக் கேட்டு, தானே கையால் துடைத்து எறிந்த குரல் அது. அவள் எழுந்து படி இறங்கினாள். கீழே, கனத்த தோள்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நின்று நின்று வீங்கின பாதங்கள். நீட்டிய ஃபோனில் அந்தப் பையன் தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளை மேலே அழைத்துப் போய் உட்கார வைத்து, முதலில் தண்ணீர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாளாம். இரவு டூட்டி வரும் நாட்களில் பிள்ளை தூங்குவதற்காகத் தானே பாடிப் பதிவு செய்து வைத்த பாட்டாம் அது. விவாகரத்து வழக்கில் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதன்பின் அப்பா ஒருநாள் நல்லபடியாக வந்து, இன்றைக்கு மட்டும் பையனோடு இருந்துகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவளும் பாவம் பார்த்திருக்கிறாள்.

“விடிஞ்சதும் வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனேன்கா. வந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு.”

அதன் பிறகு ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கரோக்கி அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மைதான். மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள். தான் செய்ததையெல்லாம், முதலில் எடுத்த செல்லப்பேரிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸ் திட்டுவாள், மேலே விழுந்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“முழுசா எடுத்துட்டீங்களா?”

“முழுசா.”

நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வேலை முடிந்ததைச் சொல்வதற்காகக் கண்ணாடிக்காரர் கொடுத்திருந்த நம்பர் மட்டும்தான் கையில் இருந்தது. போலீஸ் கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் பையனோடு காணாமல் போய்விடுவார், அவராக வரும்படி ஏதாவது சொல்ல முடியுமா என்று பெண் இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்த மனிதரை வரவைக்கக்கூடியது எது என்று கரோக்கி அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எல்லோர் முன்னாலும் ஃபோன் போட்டாள்.

“சார், அந்தப் பாட்டுல குரல் கொஞ்சம் மிச்சம் இருக்கு. கவனிக்காம விட்டுட்டேன். வந்தீங்கன்னா சரி பண்ணித் தந்துடறேன்.”

“எங்க?” என்றார் அவர்.

“கடைசியில. நல்ல காதுக்குத் தெரியும்.”

“வர்றேன்.”

மறுநாள் வந்தார், தனியாக. கீழே சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு தையல் மெஷினைக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டி மேலே வந்து, பழைய ஸ்டூலில் பழைய மாதிரியே உட்கார்ந்தார்.

“போடுங்க, கேக்கலாம்.”

அவளிடம் போட ஒன்றும் இல்லை. வீணாக மௌசை அங்கும் இங்கும் நகர்த்தினாள்.

“எல்லாத்தையும் நான் பாக்கத்தானே அழிச்சீங்க?” என்றார் நிதானமாக. “அப்புறம் மிச்சம் இருக்கிறது எப்படித் தெரிஞ்சுது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்டூலை அவள் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரும்புப் படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தபோதும் திரும்பிப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்ததும் சண்டை போடாமல் எழுந்து போனார்.

பக்கத்து ஊரில், வெளியே பூட்டியிருந்த ஒரு வாடகை வீட்டில் பையன் இருந்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்தானாம். பக்கத்தில் அந்த இசை ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஸ்டேஷனில் அம்மாவைப் பார்த்தபோது அவன் ஓடி வரவில்லை. நர்ஸ் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். பையன் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தான், மெக்கானிக் முகத்தைப் பார்த்தான், கரோக்கி அக்கா முகத்தைப் பார்த்தான்.

“நான் கேக்கலாமா?” என்று கேட்டான்.

இன்ஸ்பெக்டர்தான், “கேளுடா கண்ணா” என்றார். அதற்கப்புறம் அவன் அம்மா மடியில் ஏறிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. ஏறினவன் இறங்கவில்லை.

நர்ஸ் பிள்ளையோடு வேறெங்கோ போய்விட்டாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் பதிவு செய்த எதையும் கரோக்கி அக்கா இப்போது கையால் தொடுவதில்லை. சினிமாப் பாட்டு என்றால் மட்டும் கொண்டு வாருங்கள் என்கிறாள். காரணம் கேட்டால் சாஃப்ட்வேர் மேல் பழி போடுகிறாள்.

ஜாமீனில் வந்த கண்ணாடிக்காரர் ஒரு பகல்வேளையில் மறுபடி படியேறி வந்தார். மெக்கானிக் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வந்தவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்றாள். தெரியாது என்பதை நம்புகிறேன் என்றார்.

“ஆனா அவ குரல் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது மேடம். பஸ்ல, கடையில, எங்கயாவது காதுல விழும். விழுந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு சீட்டில் புது நம்பரை எழுதிக் கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வந்த மெக்கானிக் அதை நான்காகக் கிழித்துப் போட்டார். அன்றைக்கே தன் வேலை மேசையை இழுத்து வந்து படிக்கட்டின் அடியில் குறுக்கே போட்டுக்கொண்டார். அவர் வெளியே போகிற நாட்களில் அவள் மேலே ஏறுவதில்லை.