அளவு மட்டும்தான் கேட்டேன்

இன்று போடியில் மாமா வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைன் இன்டர்வியூ கொடுத்தேன். நேர்காணல் செய்தவரின் கடைசிக் கேள்வி C நிரல் மொழியில்.

n-இன் மதிப்பு ஐந்து. sizeof(int[n++]) என்று எழுதி ஓட்டிய பிறகு n எவ்வளவு? n++ என்றால் n-உடன் ஒன்றைக் கூட்டு என்று பொருள்.

"அஞ்சுதான் சார். sizeof அளவை மட்டும் பார்க்கும், உள்ளே இருப்பதை இயக்காது."

"அவ்ளோ உறுதியா? ஓட்டிப் பாருங்க."

ஆறு என்று வந்தது.

வெறும் sizeof(n++) போட்டேன். ஐந்திலேயே நின்றது.

"முதல்ல கேட்டது int[n++]ங்கிற அரே, அதாவது எண்களோட வரிசை. அதோட நீளம் புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும். அப்ப n++ நடந்தாத்தானே அளவு சொல்ல முடியும்?" என்றார் அவர். தலையாட்டினேன். அளவு கேட்டதற்கு n ஏன் மாற வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

முடிவை அப்புறம் சொல்வார்களாம்.

ஊருக்குத் திரும்பும்போது, குரங்கணி போகும் ஜீப் ஆட்கள் நெருக்கியடிக்க நின்றது. ஓட்டுநரிடம் கேட்டேன்.

"எத்தன பேரு ஏத்துவீங்கண்ணே?"

"நீ வெரசா ஏறு மாப்ளே. ஏறுனாத்தான தெரியும்."

ஏறினேன். உள்ளே இருந்த அக்கா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "கேக்க வந்தவனையும் ஏத்திட்டியா?" என்றார்.

மடங்கி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதையும் மாற்றாமல் அளவை மட்டும் கேட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜீப்புக்கும் சேர்த்து.