ஃபர்ஸானா திருத்திய என் வரி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது வாஷியில் எங்கள் ஆபீஸ் முழுக்கத் தெரியும். அதனாலோ என்னவோ, நான் எழுதும் கம்ப்யூட்டர் கோடில் தப்பு இருக்கிறது என்று எட்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை. சொன்னவள் ஃபர்ஸானா. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆறாம் மாதம் அவளை நிரந்தரமாக்கலாமா என்று எழுதித் தர வேண்டிய டீம் லீடர் நான், சுடலைக்கண்ணன்.

இரண்டு பேருமே மும்பை தாராவி. அவள் வாப்பா வீட்டிலேயே மெஷின் போட்டுத் தோல்பை தைக்கிறவர். அந்தச் சத்தத்துக்கு நடுவே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கெர்னல் கோட் படித்தவள் அவள். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற நிரல். ஒரு வேலையைச் சொன்னால், முடிந்ததா இல்லையா என்று அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைச் சரியாகப் பார்க்காமல் அடுத்த வரிக்குத் தாவுகிறவர்களைக் கண்டால் ஃபர்ஸானாவுக்கு ஆகாது. குர்லா ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலுக்கு நிற்கும்போதுகூட அதே பேச்சுதான். "அட, சும்மா வாம்மா" என்பேன்.

நாங்கள் செய்வது மருந்து ஏற்றும் பம்ப். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நரம்பில் துளித்துளியாக மருந்தை ஏற்றும். மருந்து ஓடுகிறதா என்று உள்ளே ஒரு சென்சார் பார்க்கும். சென்சாரைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பகுதியை எழுதியவன் நான். புது மாடல் திங்கட்கிழமை வெளியே போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, கெர்னல்ல உள்ள இந்தக் காத்திருக்குத ஃபங்ஷன் மத்ததுக்குத் தலைகீழு. மத்ததெல்லாம் சைபர் தந்தா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம், மைனஸ்ல தந்தா தப்பு. இது பதில் வரலன்னாத்தான் சைபர் தரும். மைனஸ் தரவே தராது. நீங்க மைனஸ் வருதான்னு பாத்திருக்கீங்க."

"நாலு வருஷமா ஓடுதும்மா. ஒருத்தன் குறை சொல்லல."

"எப்படிண்ணே சொல்வாங்க? சென்சார் செத்தாலும் நம்ம பம்ப்பு எல்லாம் நல்லாருக்குன்னுதானே காட்டும்?"

"எங்கே, காட்டு பாப்போம்" என்று சீறினேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்ப்பின் சென்சார் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. கடைசியாக வந்த அளவையே திரை காட்டிக்கொண்டிருந்தது. நானே வயரை மாட்டி இன்னொரு தரம் பிடுங்கினேன்; அப்போதும் பச்சைதான்.

திருத்தம் ஒரே வரி. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஆனால் கெர்னல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய மாற்றத்தால் தப்பு வந்ததோ, அதன் அடையாள எண்ணைத் திருத்தத்தின் குறிப்பில் எழுத வேண்டும். அந்த எண்ணைத் தட்டினால் என் பெயர் வந்து நிற்கும்.

"அது மட்டும் வேண்டாம்மா" என்றேன். "பொதுவா சரிபண்ணியாச்சுன்னு போடு. சலேகா, அதுவே போதும்."

"சலேகா இல்லண்ணே." அவள் திரையைக் காட்டினாள். "அந்த எண்ண வெச்சுத்தான் சர்வீஸ்காரங்க எந்தப் பழைய பம்ப்புக்கெல்லாம் திருத்தம் போகணும்னு எடுப்பாங்க. போடலன்னா புதுசுக்கு மட்டுந்தான் போவும். ஆஸ்பத்திரில ஏற்கெனவே ஓடுத முந்நூறு பம்ப்பு?"

"உன் கன்ஃபர்மேஷன் என் கையிலதான் இருக்கு, தெரியும்லா?" என்று கேட்டேன். வெட்கங்கெட்டவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"தெரியும்ணே. அதுக்காவ இத விட முடியாது." கண் நிறைந்திருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் முன்னால் அந்தப் பெண் நின்ற நிற்பு இருக்கிறதே! கீபோர்டை இழுத்து, என் பழைய மாற்றத்தின் எண்ணை நானே தட்டினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். அவளை நிரந்தரமாக்கச் சொல்லி அன்றைக்கே கடிதமும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, பாண்டுப்பில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். திருத்தம் போட்டதிலிருந்து பழைய பம்ப் ஒன்று ஓயாமல் கத்துகிறது, வந்து எடுத்துப் போங்கள் என்று இந்தியில் திட்டித் தீர்த்தார்கள். எடுத்து வந்தோம். ஃபர்ஸானா மூடியைக் கழற்றினாள். உள்ளே சென்சார் வயர் அறுந்து, முனையில் களிம்பு பிடித்துக் கிடந்தது.

"இது அறுந்து ரொம்ப நாளாச்சுண்ணே" என்றாள்.

எத்தனை நாள் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.