மடியில் தூங்கும் குழந்தை

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரின் எம்.ஆர்.ஐ. மெஷினில் இருந்தது ஒன்றரை டெஸ்லா பலமுள்ள காந்தம். என்னோடு டிப்ளமோ படித்த திண்டிவனத்துக்காரி வெளிநாட்டில் போய்ச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்ததோ ஏழு டெஸ்லா. படிக்கிற காலத்தில் என் நோட்டை வாங்கிப் படித்துத்தான் அவள் பாஸ் பண்ணினாள். இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

லீவில் வரும்போதெல்லாம் லேப்டாப்பில் மூளைப் படங்களைக் காட்டுவாள். எங்கள் மெஷினில் வெறும் சாம்பல் திட்டாகத் தெரியும் இடத்தில் அவளுடைய படத்தில் மயிரிழை போல ரத்த நாளங்கள் ஓடும். எனக்கு வயிறு எரியும். சிரித்துக்கொண்டே பார்ப்பேன்.

ஒரு வருஷம் மட்டும் வேறு மாதிரிப் படங்களைக் காட்டினாள். மூளையின் நடுவில் பளிச்சென்று வெளிச்சம், காதோரங்களில் கறுப்பு. காந்தத்தின் பலம் கூடக் கூட, உள்ளே அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் குறைந்துவிடுகிறதாம். தலைக்குள் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேருவதில்லையாம். சக்தியைக் கூட்டினால் தலை சூடாகும். ஆள் படுத்திருக்கும் டேபிளை வேகமாக உள்ளே தள்ளினால் ஆளுக்குக் கிறுகிறுக்கும்.

“அதக்கூட எப்படியோ சமாளிச்சிக்கினு இருக்கோம்டி. ஆளுங்க அசையறதுதான் பெரிய பேஜாரு. மூச்சு வேகமா வுட்டாலே படம் மங்கிப் போயிடுது,” என்றாள்.

அந்தக் கறுப்புத் திட்டுகளைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதிவிடுகிறேன்.

அதே லீவில், ஓயாத தலைவலி என்று தன் அம்மாவை எங்கள் சென்டருக்கு அழைத்துவந்தாள். மெஷினைக் கண்டதுமே அம்மா இரண்டடி பின்வாங்கினார். மகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, அம்மாவின் தலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்தேன். காதில் பஞ்சு அடைப்பதற்கு முன்னால் குனிந்து சொன்னேன்.

“உங்க மடியில கைக்குழந்த தூங்கிக்கினு இருக்குதும்மா. இப்பதான் கண்ண மூடுச்சு. நீங்க அசைஞ்சா முழிச்சுக்கும்.”

மரக்காணத்து மீனவப் பெண்களிடமும் ஒலக்கூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கடலை உரிக்கும் பெண்களிடமும் சொல்லிச் சொல்லி நானே கண்டுபிடித்த வழி அது. அசையாதீர்கள் என்றால் எல்லாரும் அசைவார்கள். குழந்தை தூங்குகிறது என்றால் மூச்சுகூட மெதுவாகத்தான் வரும்.

இருபது நிமிஷம் அம்மா அசையவே இல்லை. படம் சுத்தமாக வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மாகிட்ட என்னடி சொன்ன? எங்க ஆளுங்கள இப்படிப் படுக்க வைக்க முடியலயே.”

“ஒன்னும் சொல்லல. ஸ்பாஞ்ச டைட்டா வச்சேன், அவ்ளோதான்.”

அவளிடம் ஏழு டெஸ்லா இருந்தது. என்னிடம் இது ஒன்றுதான் இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மா டாக்டரைப் பார்க்க வந்தவர் என்னையும் தேடி வந்தார். “நீ சொன்ன கைக்குழந்த கதைய போன்ல எம் பொண்ணுகிட்ட சொன்னேன்மா. இப்ப அங்க வர்றவங்ககிட்டயும் அதத்தான் சொல்றாளாம். படம் நல்லா வருதாம்.”

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“யாரு கண்டுபுடிச்சதுன்னு அவங்க பெரிய டாக்டர் கேட்டாராம். எங்க ஊர்ல என்னவிட நல்லா படிச்சவ ஒருத்தி இருக்கா, அவதான்னு சொன்னாளாம்மா.”

தன்னுடையது என்று சொல்லியிருந்தால் அவளை நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.