புளித்தண்ணீரில் ஊறிய கூடுகள்

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது மணம்தான். தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கிடக்கும் வெடிக்காகிதத்தின் மணமும், மழையில் ஊறிய செம்மண்ணின் மணமும் கலந்தது மாதிரி இருக்கும். கைவிட்டுத் துழாவினால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றிலும் அதே மணம். "தோங்" என்று நாங்கள் சொன்னது எண்ணெய் வரும் பெரிய இரும்புப் பீப்பாயை. அது நிறையப் பித்தளைத் தோட்டாக் கூடுகள்.

அப்பா குளுவாங் ஊரில் பழைய இரும்பு வாங்கி விற்றவர். சுடும் பயிற்சி நடக்கும் இடத்தில் பொறுக்கிச் சேர்த்த வெற்றுக் கூடுகளை அப்போதெல்லாம் முழுசாகவே ஏலம் விடுவார்கள். ஊரில் அதற்கு "லேலோங்" என்று பேர். அப்பா ஏலம் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். உருக்கப் போடுகிறவனுக்குக் கொடுத்தால் குறைந்த விலை. ஒரே ஒரு தடவை வெடித்த கூடாக, நசுங்காமல், வாய் கிழியாமல் பொறுக்கிக் கொடுத்தால் நல்ல விலை; ஏனென்றால் அனுமதி வைத்துக் குறிசுடப் பழகுகிறவர்கள் அதற்குள் மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்து எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்கு எங்கள் வீட்டில் "ஒத்தவெடி" என்று பேர் வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்தவெடி பொறுக்குகிற வேலை.

அதை வாங்க வருகிறவர் நல்லையா சார். இலங்கைத் தமிழர், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குறிசுடும் மன்றத்தில் எத்தனையோ பேர் இருந்தும், மருந்து அடைக்கிற வேலையை அவரிடம்தான் கொடுப்பார்கள், அவர் கை ஒரு மணி கூடவும் போடாது, குறைக்கவும் செய்யாது என்று ஒரு பேச்சு. அவருக்கும் அதில் பெருமை இருந்தது. மறைக்க மாட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மண் ஒட்டியிருந்தால் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொல்லுவார்:

"மணியம், இது என்ன, உம்மட கோழியள் மிதிச்ச கூடோ?"

"எங்க கோழிக்கு அவ்வளவு வேலை தெரிஞ்சா நான் ஏன் சார் லேலோங்குக்கு அலையிறேன்?" என்பார் அப்பா.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். "பெரிய மனுசன் கையில அழுக்க கொடுக்குறோம்" என்று அடுப்படியில் முணுமுணுப்பாள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். கூடுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுவது அவர் வழக்கம். அந்த வாரம் அம்மா குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் எடுத்து வைத்துப் புளி கரைத்திருந்தாள். பித்தளைக்குப் புளிதானே. கூடுகளையும் அதிலேயே போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கையோடு கழுவிவிடுவோம். இத்தனை கூட்டை யார் தேய்ப்பது? வாளி வாளியாகக் கரைத்து ஊறப் போட்டாள். நான் குச்சியால் கிளறிவிட்டேன். மறுநாள் எடுக்க வேண்டியது, பலகாரவேலை வந்து அதற்கும் மறுநாள்தான் எடுத்தோம்.

பளிச்சென்று இருந்தன. மஞ்சள் நிறம் மட்டும் கொஞ்சம் சிவந்து, செம்பு மாதிரித் தெரிந்தது. "அழுக்கு போனா பித்தளை இப்படித்தான்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

நல்லையா சார் வந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இது கூடோ, நகையோ?" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் சேதி வந்தது. நல்லையா சார் சுடும்போது கூடு துப்பாக்கிக்கு உள்ளேயே வெடித்துக் கிழிந்து, நெருப்பு பின்பக்கமாக வந்துவிட்டது. வலது கண் போய்விட்டது.

அப்பா கூடுகள் வைத்திருந்த கொட்டடிக்குப் போய் மிச்சமிருந்த கூட்டில் ஒன்றை எடுத்துக் குறட்டால் நெரித்தார். நல்ல பித்தளை வளையும். அது பிஸ்கட் மாதிரி உடைந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் உடைந்தது.

"எதுல கழுவுன?"

"புளியிலதாங்க," என்றாள் அம்மா. "விளக்கு மாதிரி."

இரண்டு நாள் ஊறியதில் புளி பித்தளையையே தின்றிருந்தது. அப்பா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ.

மறுநாள் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உண்மையைச் சொல்லத்தான் போனார். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. கண்ணில் கட்டுப் போட்டு சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்ர கை பிழைச்சுப் போச்சு, மணியம். மருந்தைக் கூடப் போட்டுட்டன் போல."

"இல்ல சார், அது வந்து…"

"நீர் ஒண்டும் யோசியாதேயும். உம்மட கூட்டில ஒரு பிழையுமில்லை. அவ்வளவு வடிவான கூடு நான் ஒருநாளும் காணேல்ல."

 நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சொல்லுங்கள் என்று இழுத்தேனா, வாருங்கள் போய்விடலாம் என்று இழுத்தேனா, இன்றுவரை எனக்கே தெரியாது. "உடம்ப பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அப்பா வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா ஒத்தவெடி விற்கவில்லை. ஏலத்தில் எடுத்துவந்த கூட்டை எல்லாம் சம்மட்டியால் அடித்து நசுக்கித்தான் வெளியே விட்டார். "காசு போட்டு முழுசா எடுத்து, நசுக்கி விக்கிற ஒரே ஆளு நீதான்லா" என்று மற்ற வியாபாரிகள் கேலி செய்தார்கள்.  சார் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், மன்றத்துக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டோம். அவர் வீடு சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் போய்விடும் தூரம்தான். நாங்கள் யாரும் போகவில்லை.

இப்போது கூடுகள் நசுக்கப்பட்டுத்தான் ஏலத்துக்கு வருகின்றன என்கிறார்கள். எங்கள் கொட்டடி இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறேன், இருப்பது உலு திராமில்.

போன மாதம் அங்கே கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், யார் மகள் என்று கேட்டு வந்ததில் தெரிந்தது, அவர் நல்லையா சாரின் மகள். தன் அப்பா காலமாகிப் பல வருசம் ஆகிவிட்டது என்றார்.

"கண் போனதைக்கூட அவர் பெரிசா எடுக்கேல்ல. தன்ர கையில இருந்த நம்பிக்கை போச்சு. இருமல் மருந்துகூடத் தானா ஊத்த மாட்டார். நாந்தான் ஊத்திக் குடுக்கோணும். கூடிப்போகும், கூடிப்போகும் எண்டுவார்."

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். வாளி, புளி, குறடு, ஆஸ்பத்திரி எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. 

"அவர் இருக்கேக்க வந்து சொல்லியிருந்தா," என்றார், "ஒரு கரண்டி மருந்தாவது தன்ர கையால ஊத்திக் குடிச்சிருப்பார்."

டாக்டரைப் பார்க்க அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார். திரும்பி வெளியே வந்தபோது என் பக்கம் வராமல் நேரே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.