பார்த்துவிட்டேன் என்று நான் சொன்ன வீல்

ஓசூரில் டயர், வீல் கடை வைத்திருக்கிறேன். ஐந்து வேளையும் தொழுகிறவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரே ஒருநாள் என்னைத் தலைகுனிய வைத்தது.

கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ராயக்கோட்டையிலிருந்து மனைவியோடு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். "அகலமான வீல் போடுங்க பாய். கொசுக்காலு மாதிரி இருக்குன்னு கம்பெனியில ஓட்டுறானுங்க" என்றார். வீல் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்பதை ஆஃப்செட் என்போம். அவர் ஆசைப்படியே நன்றாக வெளியே நிற்கும் ஆஃப்செட்டில் மாட்டினேன்.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேரை உட்காரவைத்து, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது எதுவும் உரசாது. அன்று வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஜாக்கியில் இருக்கும்போதே விரலை விட்டுத் தடவி, "பாத்துட்டேன், தாராளமா போங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

மறுநாள் இருவரும் திரும்பி வந்தார்கள். பின் டயரின் ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

"வழியெல்லாம் சத்தம் பாய். நிறுத்தலாம்னேன், இவதான் விடல."

அந்தப் பெண் திட்டவில்லை. "தொழுவப் போறவரு பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பாருன்னு நெனச்சேங்க" என்றார்.

"பாக்கலம்மா" என்றேன்.

வேறு வீல் மாட்டி அனுப்பினேன். அல்லாஹ்வுக்காக ஓடினேன் என்று நினைத்திருந்தேன். அவனை நம்பித்தான் இரண்டு பேர் அந்தச் சத்தத்தோடு போயிருக்கிறார்கள்.

"பாய் பாத்தா சரியா இருக்கும்" என்று இப்போதும் யாராவது சொன்னால், வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேரை உட்காரவைத்து இன்னொரு முறை பார்க்கிறேன்.