உள்ளே எத்தனை பேர்?

இதை நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை. பேய்க் கதை பண்ணுவது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் கதவு கிரீச்சிட வேண்டும், எந்த இடத்தில் விளக்கு அணைய வேண்டும் என்று அளந்து வைத்து, அடுத்தவரைப் பயமுறுத்தி மகிழ்ந்தவன் நான். அதுவே என் பொழுதுபோக்கு. ஆனால் இது பண்ணிய கதை இல்லை. 2003 ஆகஸ்ட்டில், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், எனக்கும் என் மனைவி தாரணிக்கும் நடந்தது. தாரணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் தர்மபுரி. மௌரீன் ஆன்ட்டி என்ற தமிழ்க் கிறிஸ்தவ அம்மாளின் பழைய ஓட்டு வீட்டில் பின் போர்ஷன் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. முன்பக்கம் ஆன்ட்டியும் அவர் மகன் டிரேவரும். டிரேவருக்குக் கால் சென்டர் வேலை. நாள் முழுக்க இங்கிலாந்துக்காரர்களின் புகாரைக் கேட்டுவிட்டு வந்து, அவர்களைப் போலவே பேசிக் காட்டுவான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

நானும் அவனும் சேர்ந்து இன்டர்நெட்டில் ஒரு திகில் விளையாட்டுத் தயாரித்துக்கொண்டிருந்தோம். படம் ஓடுகிற விளையாட்டு இல்லை. அது ஒரு ஃபோரம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று எழுதி எழுதியே ஆட வேண்டும். கதையை நடத்துகிறவர்கள் நாங்கள். களம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து லண்டன். வானத்திலிருந்து குண்டு விழும். ஊரே விளக்கை அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெருத் தெருவாக வார்டன் வருவார். எந்த வீட்டில் வெளிச்சம் கசிகிறது, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து வைப்பது அவர் வேலை. குண்டு விழுந்தால் எத்தனை பேரைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

எங்கள் பேய் அந்த வார்டன்தான். செத்த பிறகும் ரோந்து வருகிறவர். கதவைத் தட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார். உள்ளே எத்தனை பேர்? நீங்கள் சொல்கிற எண்ணிக்கைதான் விடியும்போது அந்த வீட்டில் மிஞ்சும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாலு என்று சொல்லிவிட்டால், ஒருவர் போய்விடுவார்.

“அப்ப எல்லாரும் பத்து, இருபதுன்னு கூட்டிச் சொல்லிடுவாங்களே?” என்று கேட்டாள் தாரணி. காய் நறுக்கிக்கொண்டே எங்கள் கதைகளில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

டிரேவர் கொஞ்சம் யோசித்தான். “கூட்டிச் சொன்னா, கம்மியா இருக்கிற ஆளை அவரே கூட்டிட்டு வந்து உள்ள விட்டுருவாரு. எங்கேர்ந்து கூட்டிட்டு வருவாருன்னு மட்டும் கேக்காதீங்க.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. விதி அன்றைக்கே முடிவாகிவிட்டது.

லண்டனை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒசூர் எல்லையைத் தாண்டுவதே எங்களுக்கு வெளியூர்ப் பயணம். லண்டன் வீட்டுக்கு எங்கே போவது? குடியிருந்த வீட்டையே வரைந்துவிட்டோம். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து வீடுதானே. முன் வராந்தா, நடுக்கூடம், பின் போர்ஷன், பச்சைக் கதவு, வாசல்படி, கேட். டிரேவர் அளவெடுத்து அழகாக வரைந்து ஃபோரத்தில் போட்டான். ‘எங்கள் ஊர் வீடு மாதிரி இல்லை, ஆனாலும் இந்த வீட்டுக்குள் போகப் பயமாக இருக்கிறது’ என்று இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. எழுதுகிற காட்சியை முதலில் ஒருவர் மேல் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் சோதித்துப் பார்ப்போம். பயந்தால் காட்சி உள்ளே, சிரித்தால் வெளியே. ஒரு தடவை நான் ஓட்டின் மேல் கோலிக்குண்டு உருட்ட, பெருச்சாளி வந்துவிட்டது என்று ஆன்ட்டி ஆள் கூப்பிட்டு ஓட்டைப் பிரிக்கவே கிளம்பிவிட்டார். டிரேவர் எங்கள் குளியலறை ஜன்னலுக்கு வெளியே அபாயச் சங்கு ஒலியை டேப்பில் போட, நான் சோப்பு நுரையோடு ஓடி வந்தேன். அந்தச் சங்கு உள்ளே.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தாரணிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. ஏழு வாரம். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண் பட்டுவிடும். இவ்வளவு காலம் காத்திருந்து வந்தது என்பதால் எங்களுக்கு இரட்டைப் பயம். அவள் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. டிரேவருக்கும் தெரியாது. அவளுக்கு வாந்தி வந்தால் ‘ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலை’ என்பேன். பொய் சொல்வதில் நான் நன்றாகத் தேறியிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்திலிருந்தே மழை. தாரணி தலை தூக்க முடியாமல் உள்ளறையில் படுத்திருந்தாள். நான் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால், வார்டன் வருகிற காட்சியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு ஐம்பதுக்குக் கரன்ட் போனது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... எழுதியதைச் சேமித்துவிட்டு மெழுகுவத்தி தேடினேன். தெரு முழுக்க இருட்டு. ஜன்னல் வழியாக எதிர் வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை.

பீப் சத்தம் நின்றது. நான் அதை அணைக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது வருமே, சுண்ணாம்பும் செங்கல் தூளுமாக... அந்த வாசனை.

கதவு தட்டப்பட்டது.

டொக். டொக். டொக்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. டார்ச் வெளிச்சம்தான், ஆனால் மங்கல். டார்ச்சின் முகத்தில் மெல்லிய காகிதம் ஒட்டியது போல. போர்க்காலத்தில் அப்படித்தான் ஒட்டுவார்கள். டிரேவர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குப் பாராட்டத் தோன்றியது. கரன்ட் போனதும் ஓடி வந்திருக்கிறான் திருட்டுப் பயல்.

“உள்ளே எத்தனை பேர்?”

தமிழில் கேட்டது குரல்.

அது கொஞ்சம் உறுத்தியது. டிரேவர் வார்டனாகப் பேசினால் ஆங்கிலத்தில்தான் பேசுவான். இந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. களைத்துப்போன குரல். இதே கேள்வியை வீடு வீடாகக் கேட்டுக் கேட்டுச் சலித்த குரல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் காட்சி போய்விடும், பாவம். நானும் பாத்திரமாகவே பதில் சொன்னேன்.

“ரெண்டு பேரு, சார்!”

யோசித்துச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்லிப் பழகியிருந்தேன்.

பிறகு கதவின் மேல் சாக்பீஸ் இழுபடும் சத்தம். கீ...ச்.

“இரண்டு. சரி.”

காலடிகள் படியிறங்கின. வெளிச்சமும் போயிற்று.

நான் சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனேன். தாரணி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“யார்கிட்ட பேசினீங்க?”

“டிரேவர்தான். வார்டன் சீனை டெஸ்ட் பண்றான். பயலுக்கு நல்லாவே வருது.”

“என்ன கேட்டான்?”

“வேற என்ன? எத்தனை பேருன்னான். ரெண்டுன்னேன்.”

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். கை தானாக வயிற்றுக்குப் போனது.

“ரெண்டா?”

“விளையாட்டுதானே தாரணி...”

“விளையாட்டாவே இருக்கட்டும். போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க. எனக்கு என்னமோ பண்ணுது. போங்க!”

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மெழுகுவத்தியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வாசல்படிக்குக் கூரை கிடையாது. ஆனால் படியின் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, கல் காய்ந்து கிடந்தது.

பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இடத்திலும் மழை விழ ஆரம்பித்தது... மெல்ல நனைந்தது.

முன் வீட்டு வாசலுக்கு ஓடிக் கதவைத் தடவிப் பார்த்தேன். வெளியே பூட்டு தொங்கியது.

கேட்டுக்கு ஓடினேன். தெருவில் இந்தப் பக்கமும் இருட்டு, அந்தப் பக்கமும் இருட்டு.

“மூணு!” என்று கத்தினேன். “சார்! மூணு பேரு! நாங்க மூணு பேரு!”

மழைச் சத்தம் மட்டும்.

“மூணு பேரு சார்! தப்பாச் சொல்லிட்டேன்!”

பதில் தெருவிலிருந்து வரவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

எங்கள் கதவருகிலிருந்து.

கீ...ச்.

“மூன்று. சரி.”

திரும்பினேன்...

கரன்ட் வந்தது. வாசல் பல்பு எரிந்தது. கதவருகில் ஒருவரும் இல்லை. உள்ளே ஓடினேன். தாரணி கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் உள்ளே வரவில்லை என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழவும் செய்தேன்.

ஏழேகாலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மௌரீன் ஆன்ட்டியும் டிரேவரும் குடையோடு இறங்கினார்கள். இருவரும் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் இருந்தார்கள்.

“டிரேவர், நீ எங்க போயிருந்தே?”

“ஈவினிங் சர்வீஸ் மேன். மம்மியைக் கேளு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என்னாச்சு உனக்கு? பேயடிச்ச மாதிரி நிக்கிற?”

நான் சொல்வதற்குள் ஆன்ட்டியின் குரல் பின்பக்கமிருந்து வந்தது. “யாருப்பா இது, பெயின்ட் அடிச்ச கதவுல சாக்பீஸ்ல கிறுக்கினது? உங்க விளையாட்டுக்கு ஒரு அளவே இல்லையா?”

போய்ப் பார்த்தோம். பச்சைக் கதவில், என் தலைக்கும் மேலே, 2 என்று எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் 3.

டிரேவர் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அன்று இரவே ஃபோரத்திலிருந்து வீட்டுப் படத்தையும் விதிகளையும் அழித்தோம். பெயர் கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் விளையாட்டு நடக்காது என்று சொல்லிவிட்டோம். கதவை நான் ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன்.

அந்த வாரம் நாங்கள் தூங்கவே இல்லை. தாரணி மெத்தையை விட்டு இறங்கவே பயந்தாள். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போய் வரும்போதும் நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டுவாள். “மாத்திச் சொல்லிட்டீங்கல்ல? அவர் சரின்னாரில்ல?” என்று மறுபடி மறுபடி கேட்பாள். சரி என்று சொன்னார் என்பேன். அதைத்தான் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளினோம்.

சனிக்கிழமை முதல் ஸ்கேன். ஃப்ரேசர் டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். டாக்டர் சுப்புலக்ஷ்மி என்று, சேலத்துப் பக்கத்து அம்மாள். என்னையும் உள்ளே விட்டார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. வேகமாக, விடாமல்.

“ஹார்ட் பீட் ஜோரா இருக்கும்மா,” என்றார் டாக்டர்.

தாரணி வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. அந்த மழையில் நான் போட்ட கூச்சல் வீண் போகவில்லை என்று நினைத்தேன். சரியான நேரத்தில் ஓடிப்போய்ச் சொன்னேனே என்று என் மேல் எனக்கே பெருமையாக இருந்தது.

டாக்டர் கையை எடுக்கவில்லை. கருவியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். அந்தச் சத்தத்தை அணைத்தார்.

“இதுக்கு முன்னாடி ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா?”

“இல்லைங்க டாக்டர். இதுதான் முதல்.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாரணியின் தோளில் கை வைத்தார்.

“பயப்படாம கேளும்மா. இங்க இன்னொண்ணு இருந்திருக்கு. ரெட்டை. இதுல துடிப்பு இல்ல. அளவைப் பார்த்தா நின்னு அஞ்சாறு நாளுக்கு மேல ஆகலை. இது நிறைய பேருக்கு நடக்கிறதுதான், ஸ்கேன் பண்ணலேன்னா தெரிஞ்சே இருக்காது. ஒண்ணு நல்லா வளருது, அதை நெனச்சுத் தைரியமா இரு.”

தாரணி எழுந்து உட்கார நான் கை கொடுத்தேன்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். கோல்ஸ் பார்க் தாண்டியதும் தாரணி என் கையைத் தேடிப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

“அன்னிக்கு நாம நாலு பேரு இருந்திருக்கோம்ங்க,” என்றாள்.